திருப்தியா என்று கேட்கப் போன வீடு

எனக்கு எழுபத்தாறு முடிந்து எழுபத்தேழு நடக்கிறது. பெற்றது நான்கு, தங்கியது மூன்று. என் கையால் சோறு போட்டு வளர்த்தது எத்தனை என்று கேட்டால் கணக்குச் சொல்ல மாட்டேன். பூந்தமல்லிப் பக்கத்தில் அரசாங்கம் நடத்திய சிறுவர் இல்லத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தப்புப் பண்ணிவிட்டுப் போலீஸ் கையில் சிக்கிய பையன்களைக் கோர்ட்டு அங்கேதான் அனுப்பும். சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள். சிலர் மீசை முளைக்கிற வரைக்கும் இருப்பார்கள். அத்தனை பேரும் என் பிள்ளைகள் என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆள் நான் இல்லை. அத்தனை பேர் தட்டிலும் என் கை பட்டிருக்கிறது. அந்தப் பெருமை எனக்குப் போதும்.

போன மாதம் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு அம்பத்தூருக்கு வந்தாள். இப்போது இல்லத்து வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்களாம். அதில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று, சும்மா இருக்கிற மூஞ்சி ஒன்று, அழுகிற மூஞ்சி ஒன்று. பிள்ளையைப் பார்க்க வந்த தாய் தகப்பன் வெளியே போகும்போது ஏதாவது ஒரு மூஞ்சியை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். இல்லத்தின் சேவை அவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று அதிலிருந்து தெரிந்துகொள்வார்களாம்.

"எல்லாரும் சிரிக்கிற மூஞ்சியத்தான் அமுக்கறாங்கம்மா. உங்க காலத்துல எப்படிக் கேட்டீங்க?" என்றாள்.

அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கொஞ்சம்தான் சொன்னேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன், நீ எழுதிக்கொள் கண்ணு.

என் வீட்டுக்காரர் மேஸ்திரி. சாரம் சரிந்து இடுப்பு போன பிறகு வீட்டில் நான்தான் சம்பாதித்தாக வேண்டும் என்று ஆயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் எழுத்து என்னோடு சண்டை போடும். ஆயா வேலைக்கு அது போதும் என்றார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு மூன்று வருஷம் பயத்திலேயே போயிற்று. பையன்களைக் கண்டு பயம் இல்லை. சாவிக்கொத்தைக் கண்டு பயம். எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது, திறந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே அவ்வளவு நாள் ஆயிற்று.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. சாப்பாட்டு முறையை மட்டும் சொல்கிறேன், பின்னால் வருவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. மணி அடித்ததும் பையன்கள் தட்டோடு வரிசையில் வருவார்கள். வாசலில் வார்டர் தலை எண்ணி உள்ளே விடுவார். சுவரோரமாக எதிர் எதிராக இரண்டு பந்தி. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சம்மணம் போட்டு, கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சோறு போட்டுக்கொண்டு போவேன், பின்னாலேயே சமையல்காரர் சாம்பார் ஊற்றுவார். கடைசிப் பையன் தட்டில் சாம்பார் விழுந்த பிறகு வார்டர் விசில் ஊதுவார். விசில் சத்தம் கேட்ட பிறகுதான் கை தட்டுக்குப் போகலாம். முந்தினவனை எழுப்பி நிற்க வைப்பார்கள். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அத்தனை பையன்களை அடக்கிச் சோறு போட வேறு வழி என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

விசில் ஏகாம்பரத்தின் கழுத்தில் தொங்கும். ஏகாம்பரம் தலைமை வார்டர். பட்டாபிராமத்துக்காரன், என்னைவிட இளையவன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச நாளில் எங்கள் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக ஓர் அம்மா வந்தார். மெகருன்னிசா என்று பெயர், நாங்கள் மெகரம்மா என்போம். பூந்தமல்லிக்காரர்தான். அவர் வாப்பா கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்தவர். அதை அவரே எங்களிடம் சொன்னார், பெரிய இடத்துப் பெண் என்று நாங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. புதுப் பையனைப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தினால், காகிதத்தைக் கையில் வாங்கும் முன்னால் பையனைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்பார். போலீஸ்காரர் நீட்டிய கையோடு நிற்பார். பையன் பதில் சொன்ன பிறகுதான் காகிதம். பெற்றவர்கள் நின்றுகொண்டிருந்தால் தானும் உட்கார மாட்டார். இன்னொரு பழக்கமும் உண்டு. யாரிடமாவது முக்கியமாக ஏதாவது கேட்க வேண்டும் என்றால், கையிலிருக்கும் பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் கேட்பார். பதில் வந்த பிறகும் உடனே எடுக்க மாட்டார். சும்மா இருப்பார். அந்தச் சும்மாவில்தான் ஆட்கள் மிச்சத்தைச் சொல்வார்கள்.

அவர் வந்த சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. இல்லத்தின் சேவையைப் பற்றிப் பெற்றோர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு இல்லமும் கேட்டு அனுப்ப வேண்டும். அச்சடித்த தாளில் கேள்விகள் இருந்தன. மிக்க திருப்தி, திருப்தி, திருப்தி இல்லை என்று மூன்று கட்டம்.

பையன்களைப் பார்க்க வருவதை அங்கே மனு என்பார்கள். மனு ஞாயிற்றுக்கிழமை. ஏகாம்பரம் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான்.

"யம்மா, இங்க வா. பையனுக்கு சோறு ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்க நைனா."

"அடிக்கறாங்களா?"

அந்த அம்மாள் தன் பையனைப் பார்ப்பாள். பையன் தரையைப் பார்ப்பான். "அய்யய்ய, அதெல்லாம் இல்ல."

"அப்போ மிக்க திருப்தி. கைநாட்டு வை."

தாள் எல்லாம் மிக்க திருப்தியாகவே மேசைக்கு வந்து சேர்ந்தது. மெகரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏகாம்பரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"ஏகாம்பரம், எங்க வீட்ல எனக்கே இவ்வளவு திருப்தி கெடையாது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "பையன் நம்ம கையில இருக்கான். நாம கேட்டா வேற என்ன சொல்லுவாங்க?"

மறு ஞாயிறு என்னைக் கூப்பிட்டார். மனு முடிந்து போகிறவர்களோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசிக்கொண்டே போகச் சொன்னார். போனேன். நிறுத்தத்தில் வைத்துக் கேட்டாலும் அதே பதில்தான். எங்கே கேட்டால் என்ன, பையன் உள்ளேதானே இருக்கிறான். வந்து சொன்னேன். அவர், "வெளிய போன பசங்க வீட்ல கேக்கலாம் ருக்குமணி. அவங்களுக்கு இனிமே நம்மகிட்ட பயம் இல்ல," என்றார்.

அப்படித்தான் நான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். விடுதலையாகி மூன்று மாதம் ஆன பையன்களின் வீடு. போகும் முறையையும் அவர்தான் வகுத்தார். ஜீப் கூடாது. நீலக்கரை யூனிபாரம் சேலை கூடாது. கையில் தாள், பேனா எதுவும் கூடாது. காகிதத்தைப் பார்த்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொள்ளும், நீ காதால் கேட்டு வந்து வாயால் சொல், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். பையன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் யார் என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது, மெய்யும் சொல்லக் கூடாது. "பையனத் தெரியும், பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொன்னால் போதும்.

"திருப்தியான்னு மட்டும் கேக்காத," என்றார் கடைசியாக. "எப்படி இருக்கான்னு கேளு."

வெள்ளானூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். பையன் விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை என்றார்கள். எங்கள் இல்லத்துக் கூடத்தில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். வானகரத்தில் ஒரு தகப்பனார், மனு நேரம் முடிந்து கொஞ்சம் பிந்தி வந்ததற்காகத் தன்னை வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பியதை இன்னும் மறக்கவில்லை. வேலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மனிதர். அதைச் சொல்லும்போது என்னைத் திண்பண்டம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டு வந்து சொன்னேன். அவர்கள் பேசிய பேச்சிலேயே மெகரம்மா எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஆவடி தாண்டி இருந்த ஒரு வீடு.

அந்தப் பையனை உள்ளே எல்லாரும் நெட்டையன் என்பார்கள். பெரிய ஆட்களோடு சேர்ந்து செம்புக் கம்பி திருடப் போய் மாட்டியவன். பெரிய ஆட்கள் ஓடிவிட்டார்கள், இவன் காலில் முள் குத்தி நின்றுவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் எங்களிடம் இருந்தான். அதிர்ந்து பேச மாட்டான். அவன் அம்மா எல்லா மனுவுக்கும் வந்துவிடுவாள். ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறவர்களில் அவள்தான் முதல் ஆள்.

போனபோது அவள் மட்டும் இருந்தாள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து வீடுகள், நடுவில் பொதுக் குழாய். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாக்கா, ஊடு தேடிகினு வந்துட்ட? எதுனா பண்ணிட்டானா?"

"ஒண்ணும் பண்ணல. எப்படிக் கீறான்னு பாத்துட்டு போலாம்னு வந்தேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. மெதுவாகச் சொன்னாள். தெருவில் யாருக்கும் அவன் எங்கே இருந்தான் என்று தெரியாது. திருவண்ணாமலையில் மாமன் கடையில் இருந்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறான். பட்டறை முதலாளியின் வீடு அதே தெருவில், மாடி வீடு. விஷயம் தெரிந்தால் அந்தப் படி ஏற முடியாது.

"மத்தபடி நல்லா கீறான்க்கா. காலைல போறான், சாயங்காலம் வரான். ஒரு வம்பு தும்பு இல்ல."

மெகரம்மாவைப் போலச் சும்மா இருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு தான்," என்றாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே. "சோத்தப் போட்டா துன்ன மாட்டேன்றான்."

"ஏன், ருசி புடிக்கலையா?"

"அது இல்லக்கா. தட்டு முன்னால குந்திகினு, கைய முட்டி மேல வச்சிகினு, என் மூஞ்சியவே பாக்கறான். துன்னுடான்னு நான் சொன்னாத்தான் கைய வைக்கிறான். மொத நாளு நான் கவனிக்கல. போட்டுட்டு அடுப்பாண்ட போயிட்டேன். திரும்பிப் பாத்தா சோறு ஆறிப் போய் அப்படியே கீது, அவனும் அப்படியே கீறான். எங்கேந்துடா இதக் கத்துகினு வந்தன்னு கேட்டேன். தெரிலமான்றான். பட்டறைல கூட அப்படித்தானாம். கூட வேல செய்யற பசங்க சிரிக்கறாங்களாம். எம்புள்ளைக்கு நீங்க சோறு போட்டீங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் பசி அவன்கிட்ட இல்லக்கா இப்போ."

நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

மெகரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுதினார். எழுதி முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து வந்து சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றார். நான் சோறு போட்டேன். கை எல்லாம் முழங்கால் மேல் இருந்தது. கண்கள் எல்லாம் ஏகாம்பரத்தின் வாய் மேல் இருந்தன. நான் அத்தனை வருஷம் தட்டுகளைத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் கண்களைப் பார்த்தேன். விசில் ஊதினான். எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இறங்கியது.

"நாளையிலேர்ந்து விசில் வேணாம்," என்றார் மெகரம்மா.

ஏகாம்பரம் என்னிடம் வந்து, "இன்னா யக்கா, இனிமே கல்யாண ஊட்டுப் பந்தியா? பாயசம் உண்டா?" என்றான்.

மறுநாள் விசில் இல்லை. நான் சோறு போட்டு முடித்தேன், சாம்பாரும் ஊற்றியாயிற்று. ஒருவனும் கை வைக்கவில்லை. ஒருவனை ஒருவன் பார்த்தான். சோற்றில் ஆவி போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, "துன்னுங்கடா" என்று சொல்ல வாய் எடுத்தேன். மெகரம்மா என் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னா அப்புறம் நீதான் விசில்," என்றார்.

நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்தியின் கோடியில் இருந்த பொடியன் ஒருவன் ஒரு விரலைச் சாம்பாரில் தொட்டு வாயில் வைத்தான். வைத்துவிட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தான். ஏகாம்பரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொடியன் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். அப்புறம் அடுத்தவன். அப்புறம் எல்லாரும். அந்த வாரம் இரண்டு சண்டை நடந்தது, ஒரு தட்டு நசுங்கியது. அடுத்த வாரம் அதுவும் இல்லை.

மெகரம்மா மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மற்ற இல்லங்களிலிருந்து எல்லாம் மிக்க திருப்தி போயிருக்கிறது. எங்களிடமிருந்து மட்டும் குறைகள் போயிருக்கின்றன.

"ஊரே பாசு, நாம மட்டும் பெயிலு," என்றான் ஏகாம்பரம்.

கொஞ்ச நாளில் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். கெட்டவர் இல்லை அவர். மரியாதையாகத்தான் பேசினார். வெகுகாலமாக இருக்கிற நடைமுறையை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கேட்டார். பெற்றவர்களைக் கேட்டு என்றார் மெகரம்மா. எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னார்: "இது கதை மாதிரி இருக்கு மேடம். உங்க ஆயா சொன்னதை நீங்க எழுதியிருக்கீங்க. அந்தம்மாவை நான் நேரா கேக்கறேன். என்கிட்டயும் இதையே சொன்னா, எந்த இல்லத்துலயும் விசில் வேணாம்னு நானே எழுதி அனுப்பறேன். சொல்லலைன்னா நீங்க பழையபடிதான் நடத்தணும்."

எல்லா இல்லத்திலும். அவர் அப்படிச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

மெகரம்மா சம்மதித்தார். ஒன்றே ஒன்று கேட்டார். "ஜீப் தெருமுனையில நிக்கட்டும் சார்."

"எதுக்கு? நாம என்ன திருடவா போறோம்?" என்றார் அவர்.

அவர் குறித்த நாளில் மெகரம்மா பையன்களோடு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், மாற்ற முடியாது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீ கூடப் போ. அந்தம்மா சொன்னத அந்தம்மாவே சொல்லட்டும். நீ நடுவுல பேசாத," என்றார்.

துறையின் பெயர் கொட்டை எழுத்தில் எழுதிய ஜீப். முனையில் நிறுத்துங்கள் என்று டிரைவரிடம் நான் சொன்னேன். அதிகாரி, பரவாயில்லை போ என்றார். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்ற நேரம். ஜீப் வழிவிடச் சொல்லி ஒலி எழுப்பிக்கொண்டு போய், அந்த வீட்டு வாசலை அடைத்தாற்போல் நின்றது. அதிகாரி இறங்கிச் செருப்பைக் கழற்றி வைத்தார். அவ்வளவு மரியாதை. தாளை விரித்து, படித்தவர்கள் படிக்கிற தெளிவான குரலில், "உங்க பையன் எங்க இல்லத்துல இருந்த காலத்துல..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஈரக் கையோடு வாசலில் நின்றாள். குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் குடத்தை எடுக்கவில்லை. மாடி வீட்டு அம்மாள், பட்டறை முதலாளியின் மனைவி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, யாரு இவங்கல்லாம்?" என்று மேலேயிருந்தே கேட்டாள்.

"தெரிலக்கா," என்றாள் அவள் மேலே பார்த்து. பிறகு அதிகாரியைப் பார்த்து, "எந்த இல்லம் சார்? எம்புள்ள எங்க தம்பிகிட்ட இருந்தவன். நீங்க ஊடு மாறி வந்துட்டீங்க," என்றாள்.

அதிகாரி தாளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வந்து கேட்டது? இந்தம்மாதானே சொன்னது?"

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. அவள் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் கூடத்தில் மட்டுமில்லை, ஊரில் இருக்கிற எல்லா இல்லத்திலும் பையன்கள் பசித்தபோது கை வைப்பார்கள். இல்லை என்றால் நாளைக்கே விசில் ஏகாம்பரத்தின் வாய்க்கு வந்துவிடும், மெகரம்மா பொய் எழுதியதாக ஆகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நின்று யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

"இல்ல சார். அந்தம்மா வேற. இவங்கள நான் பாத்ததே இல்ல. தெரு மாறிடுச்சி போல."

மாடியில் சிரிப்புக் கேட்டது. "சர்க்கார்காரங்களுக்கு அட்ரஸே ஒழுங்கா தெரியாது. போன வாரம் எங்க ஊட்டுக்கு எவனோட கரண்ட் பில்லோ வந்துச்சி. தண்ணி வழியுது பாருடி, கொடத்தத் தூக்கு."

குடங்கள் நகர்ந்தன. அவள் உள்ளே போய்விட்டாள். நாங்கள் ஜீப்பில் ஏறினோம்.

பூந்தமல்லி வந்ததும் அதிகாரி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாமல் கேட்டார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்மா. எந்தப் பொய்யின்னுதான் தெரியல. அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொன்னதா?"

ஜீப் நின்றதும் இறங்கி உள்ளே போனேன்.

சாயங்காலம் மெகரம்மா கோர்ட்டிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடி மேசை மேல் வைத்தார்.

"அந்தம்மாவத் தெரியாதுன்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"விசில் திரும்ப வந்துடும். தெரியும்ல?"

"தெரியும்மா."

சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. "சரி, போய் வேலையப் பாரு," என்றார்.

அவரிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. முகவரி தவறாக எழுதப்பட்டுவிட்டது, பொறுப்பு என்னுடையது என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "எம்மேல போட்டுடுங்கம்மா. ஆயா ஒளறிட்டான்னு எழுதிடுங்க," என்றேன்.

"உம்மேல போட்டா உன்ன விசாரிப்பாங்க. உன்ன விசாரிச்சா மறுபடி அந்தத் தெருவுக்குத்தான் போவாங்க," என்றார். "முகவரியே தப்புன்னா போறதுக்கு எடமே இல்ல."

தெற்கே ஒரு ஊருக்கு அவரை மாற்றினார்கள். போகிற அன்றும் புதுப் பையன் ஒருவன் வந்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

விசில் வந்தது. முதல் நாள் நான் பந்தியைப் பார்க்காமல் சோற்றுக் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்னும் உட்காரக்கூட இல்லை, பையன்கள் தட்டோடு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள், விசில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஏகாம்பரம் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"இன்னாப்பா, சோறே போடல, அதுக்குள்ள ஊதிட்ட?" என்றேன்.

"ஊதணும்னுதான் ஆர்டரு. எப்ப ஊதணும்னு எழுதல. ஊதியாச்சு. இனிமே எப்பத் துன்னா எனக்கின்னா?" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் தலை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அவன் டூட்டியில் இருந்த நாள் எல்லாம் அப்படித்தான் நடந்தது. அவன் இல்லாத நாளில் மற்ற வார்டர்கள் பழைய முறைப்படி ஊதினார்கள். மற்ற இல்லங்களில் எப்படி என்று எனக்குத் தெரியாது, அதை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அங்கே இருந்த பையன்களின் முகம் நான் பார்த்ததில்லை. அந்த நெட்டையனின் முகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அப்படிச் சொன்னேனோ என்று பின்னால் பலமுறை கேட்டுப் பார்த்தேன். பதில் எப்படி வந்தாலும், அந்த வாசலில் மறுபடி நிறுத்தினால் அதையேதான் சொல்வேன்.

கேள்வித்தாள் திரும்ப ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போய்விட்டது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எங்கள் இல்லத்தில் எல்லாரும் மிக்க திருப்தியாகவே இருந்தார்கள்.

அந்த நெட்டையனை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சில வருஷம் போயிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு விட்ட நேரம், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தோடு ஏறினான். மீசை வைத்திருந்தான், சட்டையில் எண்ணெய்க் கறை. கூட இருந்தவன் ஏதோ கிண்டல் பண்ண, இவன் பதிலுக்குத் திட்டிக்கொண்டே காகிதப் பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பேச்சுக்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டான். கை அப்படியே பொட்டலத்தில் நின்றது.

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். தெரியாத பொம்பளை போல வெளியே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் கடலைத் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. என் நிறுத்தத்தில் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

அவ்வளவுதான் சொல்ல இருந்தது. கண்ணு, இவ்வளவு நேரம் எழுதினாயே, இப்போது முதலிலிருந்து ஒரு தடவை நிதானமாகப் படி. கதை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இல்லை. அந்தப் பையன் பெயரோ, அவன் அம்மா பெயரோ, தெருவோ, எங்கேயாவது வாய் தவறி வந்திருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். வந்திருந்தால் அடித்துவிடு. ம், படி.